முகம் பொருந்தவில்லை

உதயாவின் முகத்தைப் பார்த்தும் போன் திறக்கவில்லை.

நர்மதாவின் இரண்டு கைகளும் அப்போது வஞ்சிர மீனின் வயிற்றுக்குள் இருந்தன. காலை ஒன்பது மணி வெயில் நெட்டுக்குப்பத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகளில் ஏறிக்கொண்டிருந்தது. கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் அனல்மின் நிலையத்தின் இரைச்சல், காதுக்குள்ளேயே பிறந்த சத்தம்போல, எப்போதும்போல ஓடிக்கொண்டிருந்தது. கவிழ்த்துப் போட்ட பிளாஸ்டிக் கூடையின் மேல் கிடந்த போன் நிமிஷத்துக்கு ஒரு தரம் டிங்கென்று அடித்தது. திருவொற்றியூர் அடுக்குமாடி வீட்டுப் பெண்கள் வாட்ஸ்அப் குரூப்பில் யாருக்குத் தலை வேண்டும், யாருக்கு நடுத்துண்டு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யோவ், அந்த போனக் கொஞ்சம் எடுத்துப் பாருய்யா. ஆர்டரு வந்துகினே கீது.”

அவள் கணவன் உதயா எடுத்தான். முகத்துக்கு நேரே பிடித்தான். போன் விர்ரென்று ஒரு தரம் அதிர்ந்தது. மறுபடியும் பிடித்தான். மறுபடியும் அதிர்ந்தது.

“இன்னாவாம்?”

“முகம் பொருந்தவில்லை” என்று திரையில் இருந்ததை அப்படியே படித்தான் அவன்.

நர்மதா நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு தரம் சொன்னபடி கேட்காத எந்தச் சாமானையும் உதயா மூன்றாம் தரம் பொறுக்க மாட்டான். திட்டுவான், தட்டுவான், தூக்கிப் போடுவான். இப்போது திரை அணைந்தும் போனை இறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான். அணைந்த கறுப்புக் கண்ணாடியில் தன் தாடையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தான். தைத்து வந்த புதுச்சட்டை தோளில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கிறவன் மாதிரி.

“கண்ணாடி கலீஜா இருக்கும். குடு இப்டி” என்று புறங்கையை நீட்டி வாங்கி, முந்தானையில் துடைத்தாள். கன்னத்தில் இரண்டு செதில் ஒட்டியிருந்த அவள் முகத்தைப் பார்த்ததும் போன் சட்டென்று திறந்தது.

அந்தப் போனை வாங்கி ஆறு மாதம் ஆகியிருந்தது. டோல்கேட்டில் ஃபர்ஹானின் கடையில் அதை முதன்முதலில் கையில் வாங்கியபோது, “அப்பளம் மாதிரி கீதே, ஒடஞ்சி கிடஞ்சி போவாதா?” என்று கேட்டாள். “நடுவாந்தர வெலையில இத்த வுட்டா ஒல்லியா வேற கெடையாதுக்கா. கேமராவப் பாரு, மீனு செவுளு சும்மா ரத்தமாட்டம் தெரியும்” என்றான் அவன். சொன்னது பொய்யில்லை. காசிமேட்டில் விடியும் முன் ஏலத்தில் எடுத்த மீனை அங்கேயே படம் பிடித்துப் போட்டால், வீடு வந்து சேர்வதற்குள் பாதி மீன் விற்றுவிடும். ஒல்லியாக இருந்ததுதான் தொல்லை. இடுப்பில் செருகினால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒருநாள் ஐஸ் பெட்டிக்குள் நழுவி விழுந்து, இரண்டு நாள் அரிசி டப்பாவில் கிடந்து பிழைத்தது.

கைரேகையை மட்டும் அது எடுத்துக்கொள்ளவே இல்லை. பதினைந்து வருஷமாக ஐஸிலும் செதிலிலும் ஊறிய விரல்கள் அவளுடையவை. ரேகை எல்லாம் தேய்ந்து, விரல் நுனி சோப்பு மாதிரி வழவழப்பாக ஆகிவிட்டிருந்தது. அதனால்தான் ஃபர்ஹான் முகத்தைப் பதிந்து கொடுத்தான். இரண்டாவது முகமாக உதயாவுடையதையும் பதிந்தார்கள். போன் சொன்னபடி தலையை இடமும் வலமும் திருப்பும்போது உதயாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றிலிருந்து அவன் எந்தக் கோலத்தில் பார்த்தாலும் திறக்கும். தலையில் துண்டு கட்டியிருந்தாலும், பத்து நாள் தாடி இருந்தாலும், விடிகாலையின் அரை இருட்டிலும்.

போன மாதக் கடைசியில் விசைப்படகில் போனான். பத்து நாள் கடலிலேயே தங்கிப் பிடித்துவிட்டு, சென்ற வாரம் திரும்பினான். படகுக்கு இன்ஜின் வேலை இருந்ததால் வீட்டிலேயே இருக்கிறான்.

கடலுக்குப் போகும் முன் திறந்த போன், வந்த பிறகு திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்ததும் அவர்கள் மகள் மகிழினி போனை எடுத்துக்கொண்டாள். ஆறாம் வகுப்பு படிக்கிறாள். “நைனா இப்டி வா, ம்மா நீ அந்தாண்ட” என்று இருவரையும் இழுத்துச் சேர்த்து, கையை நீட்டி மூன்று பேரையும் திரைக்குள் கொண்டுவந்தாள். முகம் தெரிந்ததும் கேமரா அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போடும். மகிழினியின் முகத்தில் ஒன்று விழுந்தது. நர்மதாவின் முகத்தில் ஒன்று. நடுவில் உதயா சிரித்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கட்டம் இல்லை.

“நைனா, ஆடாத.”

“ஆடவில்லை” என்றான். உண்மையிலேயே ஆடவில்லை. இமைகூட.

கட்டம் அவன் இருக்கும் இடத்துக்கு வந்தது, தயங்கியது, சுவரில் மாட்டியிருந்த, ஐந்து வருஷத்துக்கு முன் எடுத்த அவனுடைய போட்டோவில் போய் உட்கார்ந்துகொண்டது. மகிழினி விழுந்து விழுந்து சிரித்தாள். நர்மதாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே, தன் தோளோடு ஒட்டியிருந்த அவன் தோள் அந்த வெக்கையிலும் வியர்க்காமல், வெறும் தரைபோலக் குளிர்ந்திருப்பதை உணர்ந்தாள். மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள்.

மறுநாள் அவனையும் கூட்டிக்கொண்டு டோல்கேட்டுக்குப் போனாள். ஃபர்ஹான் போனைப் பிரித்தும் பிரிக்காமலும் அரைமணி நேரம் பார்த்தான். கேமராவைத் தன் பக்கம் திருப்பினான், கட்டம் விழுந்தது. தெருவில் போகிறவர்கள் பக்கம் திருப்பினான், வரிசையாக விழுந்தது. “போன்ல ஒரு கொறயும் இல்லக்கா. அண்ணன் மூஞ்சிய அயிச்சிட்டு புதுசா ஏத்திர்லாம்” என்றான்.

“வேணாம், அத்த அயிக்காத” என்றாள் நர்மதா சட்டென்று. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

“சரி, கடையில கீற டெமோ போன்ல ஏத்திப் பாக்கலாம்.”

கண்ணாடி அலமாரியிலிருந்து வேறொரு போனை எடுத்து உதயாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தான். வட்டம் வந்தது. வட்டத்தின் விளிம்பில் ஓட வேண்டிய பச்சைக் கோடு ஓடவில்லை. ‘முகம் எதுவும் தென்படவில்லை’ என்று காட்டியது. ஃபர்ஹான் விளக்கைப் போட்டான். கிட்டே பிடித்தான், எட்டிப் பிடித்தான். தென்படவில்லை. அந்தப் பையனின் முகத்திலிருந்த வியாபாரச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிவதை நர்மதா பார்த்தாள்.

“கடல் வெயில்ல சரும நெறம் மாறியிருக்கும்க்கா” என்றான் கடைசியில். போனை அவள் கையில் கொடுத்தபோது உதயாவின் பக்கம் அவன் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவளுக்குச் சந்தேகம் வேறு வழியில் போனது.

உதயா இப்போது நாள் முழுக்கப் போனைக் கேட்டுக்கொண்டே இருந்தான். “திறந்து கொடு” என்பான். அவள் முகத்தைக் காட்டித் திறந்து கொடுப்பாள். வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய், தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வான். திரை அணைந்ததும் திரும்ப வந்து நிற்பான். “திறந்து கொடு.” முன்பெல்லாம் போனைத் தொடவே அலுத்துக்கொள்கிறவன். ஒரு பெண்ணாக இருக்கும் என்று நினைத்தாள். எந்தத் துறைமுகத்திலோ, எந்தக் குப்பத்திலோ, ஒருத்தி. அப்படி நினைத்ததும் வயிறு எரிந்தது. ஆனால் அந்த எரிச்சலில் ஒரு நிம்மதியும் இருந்தது. ஊரில் நடக்கிறதுதானே. கத்தலாம், அழலாம், அண்ணனைக் கூப்பிட்டுப் பஞ்சாயத்து வைக்கலாம்.

புதன்கிழமை மாலை, துணி எடுக்கப் போகிறவள்போல ஓசையில்லாமல் பின்கட்டுக்குப் போய் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

அவன் பார்த்துக்கொண்டிருந்தது தன்னுடைய படங்களை.

போன் முகங்களைத் தானாகவே பிரித்து, ஆளுக்கு ஒரு வட்டமாக அடுக்கி வைத்திருக்கும். மகிழினி உட்கார்ந்து ஒவ்வொரு வட்டத்துக்கும் பெயர் எழுதி வைத்திருந்தாள். வட்டத்தின் கீழே எத்தனை படம் என்று எண் இருக்கும். உதயாவின் வட்டத்தில் இருநூற்றுப் பதின்மூன்று. அதைத் திறந்து வைத்து, ஒவ்வொரு படமாக விரலால் விரித்து, புருவத்தைப் பார்த்தான். மூக்கின் ஓரத்தைப் பார்த்தான். காது மடலைப் பார்த்தான். இடது கையால் தன் காதைத் தொட்டுத் தடவினான்.

நர்மதா மூச்சை அடக்கிக்கொண்டு பின்வாங்கினாள். இரவுச் சமையலுக்கு நடுவில் போன் கைக்கு வந்ததும் அவளும் அந்த வட்டத்தைத் திறந்தாள். கடைசிப் படம் அவன் கடலுக்குப் புறப்பட்ட அன்று காலை எடுத்தது. ஞாயிற்றுக்கிழமை மகிழினி எடுத்த ஏழு படங்களில் ஒன்றுகூட அதில் இல்லை. அந்த ஏழும் நர்மதாவின் வட்டத்தில் இருந்தன, மகிழினியின் வட்டத்தில் இருந்தன. அவனை மட்டும் போன் எங்கேயும் சேர்க்கவில்லை.

சட்டியில் குழம்பு தளதளவென்று கொதித்தது. பின்கட்டிலிருந்து உதயாவின் குரல் கேட்டது.

“நம்மதா... ஐஸு பத்தல. திருமலைகிட்ட சொல்லி வை.”

திரும்பினாள். கரண்டி கையிலேயே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை ‘நம்மதா’ என்றுதான் கூப்பிடுவான். பெயரின் நடுவில் இருக்கும் எழுத்து அவன் வாயில் நிற்காது. கடலிலிருந்து வந்த பிறகு மட்டும் நர்மதா, நர்மதா என்று பள்ளிக்கூட வாத்தியார்போல அழுத்தமாகக் கூப்பிட்டான். இப்போது பழையபடி கூப்பிடுகிறான். ஆனால் படகு இன்ஜின் வேலைக்காகக் கட்டிக் கிடக்கும்போது, அவள் அண்ணன் திருமலையிடம் ஐஸ் சொல்லி வைப்பது எதற்கு?

“நம்மதா... ஐஸு பத்தல. திருமலைகிட்ட சொல்லி வை.”

அதே குரல். அதே இழுவை. ‘நம்மதா’வுக்குப் பிறகு ஒரு சின்ன இருமல், இரண்டு தரமும் அதே இடத்தில்.

வாட்ஸ்அப்பைத் திறந்து மேலே மேலே தள்ளிப் போனாள். நான்கு மாதத்துக்கு முன் காசிமேட்டிலிருந்து யார் போனிலோ உதயா பேசி அனுப்பிய குரல் பதிவு. காதோடு ஒட்டி வைத்துக் கேட்டாள். நம்மதா. இருமல். ஐஸு பத்தல.

பின்கட்டில் மூன்றாவது தரம் சொன்னான். இந்தத் தரம் இருமல் இன்னும் நன்றாக வந்திருந்தது.

அன்று இரவு மகிழினியைத் தன் பக்கத்தில் சுவரோரமாகப் படுக்க வைத்துக்கொண்டு, முதுகை அறைக்குக் காட்டாமல் படுத்தாள்.

வியாழக்கிழமை காலை மகளைப் பள்ளிக்கூட வாசல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு, அங்கிருந்தே காசிமேட்டுக்குப் போனாள். திருமலையும் உதயா போகும் அதே படகில் போகிறவன்தான். அவனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. துறைமுகத்தில், கட்டிக் கிடந்த படகுகளின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். சுற்றிலும் டீசலும் கருவாடும் மணத்தன. தங்கையைப் பார்த்ததும் நைலான் நூலைப் பல்லால் கடித்தவன் கடித்தபடியே இருந்தான்.

“ண்ணா, கடல்ல இன்னா நடந்துச்சி?”

“இன்னா நடந்துச்சி? ஒண்ணும் நடக்கல.”

“என் கொயந்த மேல சத்தியமா கேக்கறேன். சொல்லு.”

திருமலை நூலை எடுத்துக் கீழே வைத்தான். 

“மூணாவது நாளு. மதியம் நல்ல வெயிலு. வலை அடியில எதுலயோ மாட்டிகிச்சி. உன் வூட்டுக்காரன் கயிறு எடுத்துவுடப் போனான். காலு தடுக்கி உள்ள வுயுந்துட்டான். நாங்க ரெண்டு பேரு குதிச்சித் தேடனோம். இல்ல. முக்கா மணி நேரம்மா. அயுதுகினே வலைய இயுத்தோம். மீனோட மீனா வந்தான்.”

“உயிரோட?”

“எந்திரிச்சி நின்னான். இருமல. வாந்தி எடுக்கல. மூக்குல ஒரு சொட்டுத் தண்ணி வரல. கடலம்மா திருப்பிக் குடுத்துட்டான்னு எல்லாரும் கால்ல வுயுந்து கும்புட்டோம். உன்கிட்ட சொன்னா நீ அவன மறுபடி கடலுக்கு வுட மாட்டேன்னு, சொல்லக் கூடாதுன்னு பேசிகினோம்.”

“அப்புறம்?”

“ரெண்டு நாளு அவன் சாப்டல, பேசல. ஒவ்வொருத்தன் மூஞ்சியா பாத்துகினு குந்தியிருந்தான்.” திருமலை குரலைத் தாழ்த்தினான். “ஒரு வாட்டி நான் சுக்கான் புடிச்சிகினு இருந்தேன். பக்கத்துல யாரோ வந்து நின்னாமாதிரி இருந்துச்சி. திரும்பிப் பாத்தா... என் மூஞ்சிம்மா. கண்ணாடில பாக்கறமாதிரி. ஒரே ஒரு செகண்டு. அப்புறம் உதயாதான் நின்னுகினு இருந்தான். வெயிலு கண்ணக் கட்டிச்சின்னு நெனச்சிகினேன். வேற இன்னான்னு நெனைக்க சொல்ற?”

 திருமலை எழுந்து அவள் தோளைத் தொட்டான். “நீ ஒண்ணு பண்ணு. வூட்டுக்குப் போயி ரெண்டு துணிய எடுத்துகினு, புள்ளயக் கூட்டிகினு நம்ம வூட்டுக்கு வந்துரு. அவன்கிட்ட ஒண்ணும் காட்டிக்காத. நான் பசங்களக் கூட்டிகினு சாயங்காலம் வந்து பேசறேன்.”

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது எண்ணூர் நெடுஞ்சாலை முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. ஒரு மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டியவள் இரண்டரை மணி நேரம் வெயிலில் வெந்தாள். இடுப்பில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. மீனவர் குரூப்பில் என்னவோ பேச்சு. ஐம்பது அறுபது மெசேஜ். அவள் பார்க்கவில்லை. மகிழினிக்கு மூன்றே முக்காலுக்குப் பள்ளிக்கூடம் விடும். அதற்குள் துணியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலுக்குப் போய்விட வேண்டும். அது மட்டும்தான் மனதில் ஓடியது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று நாற்பது.

உதயா கூடத்தின் நடுவில் உட்கார்ந்திருந்தான். மின்விசிறி நின்றிருந்தது, கரண்ட் இல்லை. தகரக் கதவின் இடுக்கு வழியாக வந்த வெயில் தரையில் கோடு போட்டிருந்தது. நிலக்கரிச் சாம்பல் அந்தக் கோட்டுக்குள் மெதுவாகச் சுற்றியது. அவனிடம் டீசல் நாற்றம் இல்லை, வியர்வை நாற்றம் இல்லை, பீடி நாற்றமும் இல்லை. காலி ஐஸ் பெட்டியைத் திறந்தால் அடிக்குமே, அந்தச் சில்லிட்ட வெறுமைதான் அடித்தது.

“நம்மதா” என்றான். இருமினான். “திறந்து கொடு.”

காட்டிக்காத, என்று அண்ணன் சொன்னது ஞாபகம் வந்தது. படங்களைத் திறந்து கொடுத்தால் பின்கட்டுக்குப் போய்விடுவான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு போய்விடலாம். போனை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தாள். அவசரத்தில் கோணலாகப் பிடித்ததில் முதல் தரம் திறக்கவில்லை. இரண்டாம் தரம் திறந்தது. வட்டங்கள் இருக்கும் பக்கத்துக்குப் போனாள்.

உதயாவின் வட்டத்தின் கீழே, இருநூற்றுப் பதினான்கு.

ஒரு கணம் அவளுக்கு மூச்சு வந்தது.  போன் அவனைச் சேர்த்துக்கொண்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் ஒன்றை இப்போதுதான் அடையாளம் கண்டிருக்கிறது. எல்லாம் போன் பண்ணிய கோளாறு. அண்ணன் பார்த்தது வெயில். கட்டின புருஷனைப் போய் ஒரு கண்ணாடித் துண்டின் பேச்சைக் கேட்டு...

வட்டத்தைத் தொட்டாள்.

புதுப் படம் மேலே இருந்தது. வீட்டில் எடுத்தது இல்லை. மணல். ஈரமான கறுப்பு மணல். நுரை. மல்லாந்து கிடந்த ஒரு ஆளின் மார்புவரை. நீலச்சட்டை. அவள் தைக்கக் கொடுத்து வாங்கிய நீலச்சட்டை. புறப்பட்ட அன்று அவன் போட்டுக்கொண்டு போனது. முகம் ஊதி வெளுத்திருந்தது. ஒரு பக்கம் நண்டு அரித்திருந்தது. அவளால் அது யாரென்று சொல்லியிருக்க முடியாது. பெற்ற தாயாலும் முடிந்திருக்காது.

போன் சொன்னது. முகத்தைச் சுற்றி மெல்லிசாக ஒரு வட்டம் போட்டு, அடியில் ‘உதயா’ என்று எழுதியிருந்தது.

மீனவர் குரூப்பிலிருந்து தானாக இறங்கிய படம். படத்தின் மேலேயே யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள்: பழவேற்காடு பக்கம் இன்று காலை கரை ஒதுங்கியது. யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லவும்.

திரையை மார்போடு கவிழ்த்துக்கொள்ளப் பார்த்தாள். 

ஒரு கை வந்து போனை அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து உருவியது. மெதுவாக. அவ்வளவு ஒல்லியான போன், போனதே தெரியவில்லை.

அவன் படத்தைப் பார்த்தான். விரலால் விரித்தான். திடுக்கிடவில்லை. நாள் கணக்காகத் தேடிய ஒரு சாமான் கிடைத்துவிட்டவன்போல, இத்தனை நாளில் முதல் தரமாக, அவன் முகம் தெளிந்தது. பழைய படங்களில் எதைத் தேடியும் பிடிபடாதது இதில் இருந்தது போலும். தோலுக்கு அடியில் எலும்பு எப்படிப் போகிறது என்பது. அரித்துப்போன பக்கம் அதைத் திறந்து காட்டியிருந்தது.

கட்டை விரலைத் தன் கன்னத்தில் வைத்து அமுக்கினான்.

எலும்பு நகர்ந்தது. பிசைந்த மாவில் விரல் இறங்குகிற மாதிரி, சத்தமில்லாமல். தாடையின் ஓரத்தைப் பிடித்து ஒரு நெல் அளவு வெளியே இழுத்தான். புருவத்தை ஒரு நெல் அளவு கீழே இறக்கினான். படத்தைப் பார்த்தான். மறுபடி இறக்கினான். பொறுமையாக. நர்மதா கதவுப் பக்கம் நகர்ந்தபோது, படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அவனும் நகர்ந்து வழியில் நின்றான். 

பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினான். திரை அணைந்தது.

முகத்துக்கு நேரே தூக்கினான்.

போன் திறந்தது.

“தெறந்துகிச்சி பாரு நம்மதா” என்றான். இருமல் இல்லை. இது எந்தப் பதிவிலும் இல்லாத பேச்சு. அச்சு அசல் உதயாவின் குரல். கடையில் முகம் பதிந்த அன்று உதயா எப்படிச் சிரித்தானோ அப்படியே சிரித்தான்.

வெளியே தெருமுனையில் பிள்ளைகளின் கூச்சல். பள்ளிக்கூடம் விட்டுவிட்டது. கதவுக்கும் அவளுக்கும் நடுவில் அவன் நின்றிருந்தான்.

அவன் விரல் திரையைத் தள்ளியது. வட்டங்கள் வந்தன. உதயாவின் வட்டத்தை அவன் கடந்து போனான். அது முடிந்துவிட்டது. நர்மதாவின் வட்டத்தைக் கடந்து போனான். அடுத்த வட்டத்தில் நின்றான்.

மகிழினி. முந்நூற்று நாற்பத்தொன்று.

தொட்டான். முதல் படத்தை இரண்டு விரலால் விரித்தான்.

“வேணாம்” என்றாள் நர்மதா. காற்றாகத்தான் வந்தது.

தெருவில் செருப்புச் சத்தம். ஓடி வருகிற சத்தம். பக்கத்து வீட்டு வாசலைத் தாண்டியது. அவன் தோள்கள் மெல்ல இறங்கின. சட்டை தொளதொளத்தது. கைகள் சட்டைக் கைக்குள் சுருங்கின. கட்டை விரல் தன் மோவாய்க்குப் போனது.

“ம்மா!” என்று வெளியே மகள் கூப்பிட்டாள். “ம்மா, கதவத் தெற!”

அவன் நர்மதாவை நிமிர்ந்து பார்த்தான்.

உதயாவின் மீசைக்குக் கீழே மகிழினியின் வாய் சிரித்தது.